கனம் கிருஷ்ணையர்: ஒலிப்பதிவே இல்லாத ஒரு பாடகருக்கு இன்னும் ரசிகர்கள் இருப்பது ஏன்?

கறுப்பு டி-ஷர்ட். நடுவில் மலைத்தொடர் மாதிரி மேலும் கீழும் ஏறி இறங்கும் வெள்ளைக் கோடுகள். மால்லயோ மெட்ரோ ரயில்லயோ ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க. போட்டிருப்பவருக்கே அது என்னன்னு தெரியாமல் இருக்கலாம். ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து இசைக்குழு 1979-ல் வெளியிட்ட ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ ஆல்பத்தின் அட்டைப்படம் அது. விண்வெளியில் ஒரு பல்சர் நட்சத்திரம் அனுப்பிய ரேடியோ துடிப்புகளை வரிவரியா அடுக்கிய படம். பங்க் இசை கத்தி ஓய்ந்த பிறகு, அதே கோபத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நிதானமா, இருட்டா பாடியதுதான் ‘போஸ்ட் பங்க்’. அந்த அலையின் அடையாளமே இந்த ஆல்பம்தான்னு சொல்றவங்க உண்டு. பாடிய இயன் கர்ட்டிஸ் அடுத்த ஆண்டே, 23 வயதில் இறந்துபோனார். மொத்தம் 10 பாட்டு. அந்த ஆல்பம் வந்தப்போ பிறக்காதவங்ககூட இன்னைக்கு அதைத் தேடிக் கேட்கிறாங்க.

அந்த ரசிகர்களுக்கு ஒரு வசதி இருக்கு. அந்தக் குரல் பதிவாகியிருக்கு. ஒரு பட்டனைத் தட்டினா போதும்.

அரியலூர் மாவட்டத்தில் உடையார்பாளையம்னு ஒரு ஊர். ஜெயங்கொண்டம் பக்கம். அங்கே அரண்மனை வித்துவானா இருந்தவர் 1854-ல் காலமானார். எடிசன் ஒலியைப் பதிவு செய்யும் கருவியைக் கண்டுபிடிச்சது 1877-ல். இடையில் 23 வருஷம். அந்தக் குரலைக் கேட்க இனி வழியே இல்லை. ஆனா அவர் பாட்டு இன்னமும் மேடையில் பாடப்படுது, ஆடப்படுது. அவர்தான் கனம் கிருஷ்ணையர். கச்சேரிப் பக்கம் போறவங்களுக்கு நல்லாத் தெரிந்த பெயர். மத்தவங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

‘கனம்’ எங்கிருந்து வந்தது?

கிருஷ்ணையர் பிறந்தது 1790 வாக்கில், உடையார்பாளையம் பகுதியில் உள்ள திருக்குன்றம் என்ற ஊரில். இசை தெரிந்த குடும்பம். தஞ்சாவூரில் பச்சிமிரியம் ஆதியப்பையாவிடம் பாடம் கேட்டார் என்று இசை வரலாறுகள் சொல்கின்றன. ஆதியப்பையா சாதாரண ஆள் இல்லை. பைரவி ராகத்தில் அவர் செய்த அட தாள வர்ணத்தைப் பாடாத கர்னாடக சங்கீத மாணவரே கிடையாது. கர்னாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியும் அவருடைய மாணவர்தான். அப்போ கிருஷ்ணையர் எந்த மாதிரி பட்டறையில் தயாரானவர்னு புரிஞ்சுக்கலாம்.

அந்தக் காலத்து வித்துவான்கள் பாடும் முறையை மூணா பிரிச்சுச் சொல்லுவாங்க. கனம், நயம், தேசிகம். நயம் என்பது மென்மையா, இழைத்துப் பாடுவது. தேசிகம் என்பது ராகத்தை அந்தந்தப் பிரதேசத்து ரசனைப்படி விரித்துப் பாடுவது. கனம் என்பது அடிவயிற்றிலிருந்து, நாபியிலிருந்து குரலை எழுப்பி, கூடமே அதிரும்படி தானம் பாடும் வழி. மைக் இல்லாத காலம் அது. நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கிற அரண்மனை மண்டபத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கணும்னா, தொண்டையை மட்டும் நம்பினா முடியாது. உடம்பே வாத்தியமா மாறணும். (நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ‘கனராகங்கள்’ ஐந்து சொல்லுவாங்களே, அதோடு இதைக் குழப்பிக்க வேண்டாம். அது ராகங்களின் பட்டியல். இது பாடும் முறை.)

இந்த வழியில் பெரிய ஆளா இருந்தவர் ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த பொப்பிலி கேசவய்யா. ஊர் ஊரா போய் அரண்மனை வித்துவான்களைப் போட்டிக்கு இழுப்பவர். தஞ்சாவூரில் சியாமா சாஸ்திரியோடு மோதி, சிந்தாமணி ராகப் பாட்டு ஒன்றில் தோற்றார் என்று ஒரு கதை உண்டே, அதில் வரும் அதே கேசவய்யாதான். அவர் தஞ்சை சபையில் கன மார்க்கத்தில் பாடினப்போ எல்லோரும் மலைத்துப் போனாங்க. இதைக் கத்துக்க உள்ளூரில் யாருக்காவது தெம்பு இருக்கா என்ற கேள்வி வந்தப்போ முன்வந்தவர் இளைஞரான கிருஷ்ணையர் என்பது வழிவழியா வரும் செய்தி. கேசவய்யாவிடம் நுணுக்கத்தைக் கேட்டுக்கொண்டார். கபிஸ்தலம் போய், அங்கே இருந்த ராமபத்திர மூப்பனாரின் ஆதரவில் தங்கி, அதை விடாமல் சாதகம் செய்தார். மூப்பனார் பெரிய நிலக்கிழார், சங்கீதப் பித்தர். வித்தை கைவந்த பிறகு கிருஷ்ணையர் பெயருக்கு முன்னால் ‘கனம்’ ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒரு விஷயம் யோசிக்கணும். கோடைக்கால கேம்ப் மாதிரி பத்து நாளில் முடிகிற பயிற்சி இல்லை இது. வருஷக்கணக்கில் ஒருத்தர் சோறு போட்டு, கவலை இல்லாமல் வைத்திருந்தால்தான் முடியும். கபிஸ்தலத்தில் ஒரு மூப்பனார் இல்லைன்னா தமிழ்நாட்டுக்கு ஒரு கனம் கிருஷ்ணையர் கிடையாது. அந்த ஆதரவு நின்ற பிறகு கன மார்க்கத்தை அதே தீவிரத்தோட கத்துக்க ஆளே இல்லாமல் போனதும் இதே காரணத்தால்தான்.

அரண்மனை விட்டு அரண்மனை

தஞ்சாவூர் மராத்தியர் கதையை ரெண்டு வரியில் சொல்லணும், இல்லைன்னா அடுத்தது புரியாது. 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, அமரசிம்மன் என்ற ராஜாவை இறக்கிவிட்டு, சரபோஜியை அரியணையில் உட்கார வைத்தது. பதவி போன அமரசிம்மன் கும்பகோணம் பக்கத்தில் திருவிடைமருதூரில் தங்கினார். நாடு போனாலும் ரசனை போகலை. அவருக்கும், பிறகு அவர் மகன் பிரதாபசிம்மனுக்கும் அங்கே சின்னதா ஒரு சபை இருந்தது. வித்துவான்கள் நிறைந்த சபை. கிருஷ்ணையர் அங்கே இருந்தார்.

அங்கேதான் கோபாலகிருஷ்ண பாரதி என்ற இளைஞர் அவரிடம் வந்து சேர்ந்தார். ஆமாம், பின்னாளில் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ எழுதினாரே, அதே பாரதி. சினிமா வரைக்கும் போன கதை அது. அதை இசையாக்கியவருக்குப் பாட்டுக் கற்றுக் கொடுத்தவர்களில் அரியலூர்ப் பக்கத்து மனிதரும் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது.

திருவையாற்றில் தியாகராஜரை கிருஷ்ணையர் சந்தித்ததாகவும், அடாணா ராகத்தைக் கேட்டு நெகிழ்ந்து, அதே ராகத்தில் தமிழில் ஒரு பாட்டைக் கட்டிப் பாடிக் காட்டியதாகவும் சொல்வார்கள். தியாகராஜர் இருந்தது 1847 வரை. இருவரும் ஒரே காலத்தவர், ஒரே காவிரிக் கரை. அடாணாவில் கிருஷ்ணையர் பாட்டுகள் இருப்பதும் உண்மை.

பிறகு உடையார்பாளையம். சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்த மாதிரி. அந்த ஜமீன்தார்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் பெயருக்கு முன்னால் ‘கச்சி’ என்று சேர்த்துக்கொள்வார்கள். கச்சி யுவரங்க உடையார் பாட்டிலும் தமிழிலும் ஆழ்ந்த ரசனை உள்ளவர். அவரும் அவருக்குப் பின் வந்த கச்சிக் கல்யாணரங்க உடையாரும் கிருஷ்ணையரை வைத்துப் போற்றினார்கள். இன்னைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டியிருக்கு. அப்போ தஞ்சாவூருக்கு அடுத்தபடியா வித்துவான்கள் தேடி வந்த ஊர்களில் அது ஒன்று.

அரண்மனை வாழ்க்கைன்னா சொகுசுன்னு நினைச்சுடாதீங்க. மாதச் சம்பளம், அப்ரைசல் எல்லாம் கிடையாது. ராஜா மனசு குளிர்ந்தால் சால்வை, பதக்கம், நிலம். மனசு மாறினால் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். கிருஷ்ணையர் தன் புரவலரையே தலைவனாக வைத்துப் பாட்டு செய்திருக்கிறார். காதலனுக்காக ஏங்கும் பெண்ணின் குரலில். அது காதல் பாட்டு. ஆனா அந்த ஏக்கத்துக்கு உள்ளே, கவனிக்கப்படாத ஒரு கலைஞனின் மனத்தாங்கலையும் கேட்கலாம். நேரா கேட்க முடியாததைப் பாட்டா கேட்கிறது. என்னைக் கேட்டால், அவர் பதங்களில் உயிர் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். அரண்மனையை நம்பி வாழ்ந்தவருக்கு, காத்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரியும்.

பதம் என்றால்?

கர்னாடக சங்கீதத்தில் கீர்த்தனை தெரியும், வர்ணம் தெரியும். பதம் என்பது வேற ரகம். காலம் மிக மெதுவா நடக்கும். பாடுவது பெரும்பாலும் ஒரு தலைவி, இல்லைன்னா அவள் தோழி. எதிரில் இருப்பது கடவுளா, காதலனா, ராஜாவா? மூணு பேரும் ஒரே ஆளா நிற்பாங்க. பதினேழாம் நூற்றாண்டில் க்ஷேத்ரய்யா தெலுங்கில் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். தஞ்சாவூர் சபையின் இசை மொழி அப்போ பெரும்பாலும் தெலுங்குதான். பதம்னா தெலுங்குப் பதம்தான் என்று இருந்த சூழலில், கிருஷ்ணையர் தமிழில் செய்தார். அதுவும் வீட்டில் பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிற தமிழில். அகராதி தேவைப்படாது.

உதாரணத்துக்கு, பைரவி ராகத்தில் ‘வேலவரே’ என்று தொடங்கும் பதம். முருகனைத் தேடி வந்த ஒரு பெண்ணைப் பற்றி முருகனிடமே பேசும் பாட்டு. கோபம் இருக்கு, ஆனா மரியாதை குறையாது. கெஞ்சல் இருக்கு, ஆனா அவள் தாழ்ந்து போகலை. ப்ளூ டிக் விழுந்தும் பதில் வராத மெசேஜ் மாதிரி ஒரு நிலைமை. என்ன, இங்கே மெசேஜ் அனுப்பின ஆளுக்குப் பதிலா அவள் ஃப்ரெண்ட் போய்க் கேட்கிறாள்.

இசையிலும் ஒண்ணு கவனிக்கணும். பைரவி, அவருடைய குரு ஆதியப்பையாவின் வர்ணம் இருக்கும் ராகம். சக மாணவர் சியாமா சாஸ்திரியின் புகழ்பெற்ற ஸ்வரஜதி இருக்கும் ராகம். அந்த ரெண்டு மலைகளுக்கு நடுவில் போய் மூணாவதா ஒண்ணை வைக்க துணிச்சல் வேணும். கிருஷ்ணையர் போட்டி போடலை. கூடம் அதிர கனம் பாடுகிறவர், இந்தப் பாட்டில் குரலை அடக்கி, ஸ்வரங்களை இழுத்து, நடுவில் மௌனத்துக்கு இடம் விட்டிருக்கிறார். அதிகமா சத்தம் போடத் தெரிஞ்சவங்களுக்குத்தான் எங்கே நிறுத்தணும் என்பதும் தெரியும் போல. ஆரம்பத்தில் சொன்ன ஜாய் டிவிஷன் ஆல்பத்திலும் இதேதான். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், வாத்தியங்களுக்கு நடுவில் வெற்று இடத்தை விட்டு வைத்தார். மேடையில் முரட்டுத்தனமா வாசிச்ச பசங்களுக்கு முதலில் அது பிடிக்கலை. 40 வருஷம் தாண்டி ஆட்களைப் பிடிச்சு வச்சிருப்பது அந்த இடைவெளிதான்.

பாட்டைக் காப்பாற்றியது யார்?

1854-ல் கிருஷ்ணையர் காலமானார். அடுத்த ஆண்டே தஞ்சாவூர் ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி அந்த அரசையே முடித்துவிட்டது. கலைஞர்களுக்குச் சோறு போட்ட அமைப்பு கண் முன்னே கலைந்தது. கன மார்க்கம் அதோடு மெல்ல மறைந்தது. பதங்கள் மறையலை. ஏன்?

பதங்கள் பெண்களிடம் இருந்தன. கோயிலிலும் சபையிலும் ஆடிப் பாடிய தேவதாசி மரபுப் பெண்கள், இசை வேளாளர் குடும்பத்துப் பெண்கள். அபிநயம் பிடிக்கப் பதம் வேண்டும், பதத்துக்கு அவர்களுடைய நிதானமும் ஞாபகமும் வேண்டும். நோட்டுப் புத்தகம் இல்லாமல் பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போன பாட்டுகள் அவை. சென்னையில் வீணை தனம்மாள் குடும்பம் இதில் முக்கியமான பெயர். அவருடைய பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பதம் பாடினால் பெரிய பெரிய வித்துவான்களே முன்வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்டாங்க. இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி அதை ஆடினார்.

ஆனா அந்தப் பெண்களுக்குச் சமூகம் கொடுத்த பெயர் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய எதிர்ப்பு, 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தில் முடிந்தது. சுரண்டலை நிறுத்த அந்தச் சட்டம் தேவைதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. கூடவே அந்தப் பெண்களின் கலையும் சேர்த்து அசிங்கமாகப் பார்க்கப்பட்டது என்பதுதான் வலி. சிருங்காரம் கூடாது, பக்தி மட்டும் போதும் என்று ஒரு தரப்பு நடனத்தைச் ‘சுத்தம்’ செய்யக் கிளம்பியது. காதலனுக்காக ஏங்கும் பெண்ணைப் பற்றிய பாட்டு வீட்டுப் பெண்கள் பாடக்கூடாத பாட்டு ஆனது. சிருங்காரத்தை எடுத்துவிட்டால் பரதத்தில் மிச்சம் என்ன இருக்கும் என்று கடைசி வரைக்கும் வாதாடியவர் பாலசரஸ்வதி. அரண்மனையில் சால்வை வாங்கிய ஆண் வித்துவான்களின் பதங்கள் நம்ம காதுக்கு வந்தது, அந்த மாதிரி எந்தச் சால்வையும் கிடைக்காத பெண்களின் வழியா.

ஒரு பையனிடம் வந்து சேர்ந்த ரெண்டு நூல்

இன்னொரு வழியும் இருந்தது. அது அரியலூர்த் தெருவில் நடந்தது.

கிருஷ்ணையரிடம் உடையார்பாளையத்தில் இசை கற்றவர்களில் ஒருவர் வேங்கடசுப்பையர். உறவுக்காரர். குரு இறந்த மறு ஆண்டு, 1855-ல், அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தக் குழந்தைதான் உ.வே.சாமிநாதையர். ஆமாம், நம்ம தமிழ்த் தாத்தா.

புரவலர் இல்லாத காலத்தில் ஒரு பாடகர் எப்படிக் குடும்பம் நடத்துவார்? வேங்கடசுப்பையர் ஊர் ஊரா போய் ராமாயணப் பிரசங்கம் செய்தார், ராமநாடகக் கீர்த்தனை பாடினார். அரியலூரில் சில காலம், இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கும் குன்னத்தில் சில காலம். கிடைத்த நெல்லும் பணமும்தான் வருமானம். உ.வே.சா.வுக்குத் தமிழ் மேல் முதலில் ஆசை வந்தது அரியலூர் சடகோபையங்காரிடம் பாடம் கேட்டப்போ. வீட்டில் அப்பாவிடம் பாட்டு, வெளியில் தமிழ்.

அப்பாவுக்குப் பையன் பாடகனாகணும்னு ஆசை. 1871-ல் மாயூரம் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்கச் சேர்த்தப்போ, அதே ஊரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியிடம் பாட்டுக்கும் சேர்த்துவிட்டார். யோசிச்சுப் பாருங்க. கிருஷ்ணையரின் மாணவர் வீட்டிலேயே அப்பா. கிருஷ்ணையரின் இன்னொரு மாணவர் மாயூரத்தில் குரு. ரெண்டு நூலும் ஒரே பையனின் கைக்கு வந்து சேர்ந்தது.

அப்புறம் அறுந்தது. பாட்டுப் பயிற்சி தமிழ்ப் படிப்புக்கு இடைஞ்சல் என்று பிள்ளை நினைத்தார். அது தெரிந்ததும் உ.வே.சா. பாட்டு வகுப்பை நிறுத்திவிட்டார். பின்னால் 1887-ல் சீவக சிந்தாமணி, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு என்று அவர் அச்சில் கொண்டுவந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. பிள்ளை அன்று முகம் சுளிக்காமல் இருந்திருந்தால் நமக்கு ஒரு பாடகர் கிடைத்திருப்பார். சிலப்பதிகாரம் யார் கையில், எப்போது கிடைத்திருக்குமோ!

அந்தக் கடனை அவர் வேறு மாதிரி தீர்த்தார். 81 வயதில், 1936-ல், ‘கனம் கிருஷ்ணையர்’ என்று ஒரு வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்ட மனிதரைப் பற்றி, சின்ன வயசில் அப்பா வாயால் கேட்டதையெல்லாம் திரட்டி. இன்னைக்கு நமக்குத் தெரிந்த கிருஷ்ணையரில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். பெரிய ராஜாக்களுக்குக் கல்வெட்டு இருக்கும். ஒரு ஜமீன் பாடகருக்கு, ஏழைப் பிரசங்கி ஒருவர் மகனிடம் சொன்ன கதைகள்தான் இருந்தன.

எங்கே ஆரம்பிக்கலாம்?

ஹெட்போன் இருந்தா போதும். முதலில் ஆதியப்பையாவின் பைரவி வர்ணம், யார் பாடினதா இருந்தாலும் சரி. காதுக்கு ராகம் பழகும். அப்புறம் ‘வேலவரே’. ராத்திரி, மத்த நோட்டிஃபிகேஷன் எல்லாம் அணைச்சுட்டுக் கேளுங்க. முதல் ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். வேகத்தைக் கூட்டுற பட்டனைத் தொட வேண்டாம். அடுத்து அடாணாவில் திருவொற்றியூர் தியாகராஜன் மேல் அவர் செய்த பதம். முதல் பாட்டில் அடங்கி நின்றவர் இதில் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். அடாணா அப்படிப்பட்ட ராகம். கனம் பாடிய அந்த மனிதரின் முதுகெலும்பு எப்படி இருந்திருக்கும் என்று அங்கே லேசா ஊகிக்கலாம்.